முதல் சூப்பர் காரும் முதல் சில மாதங்களும்: ஒரு சின்ன வரலாறு

பரீட்சை முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததால் இந்த முறை கார் பற்றி ஒரு கட்டுரை. "நீ என்னைக்கு கார் ஓட்டினே?" என்று வகுப்பில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: இது வரலாற்றுக் கட்டுரை. அசோகரைப் பற்றி எழுத மன்னராக இருக்க வேண்டியதில்லை :-)

பழைய புல்லட் வைத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சும்மா உதைத்தால் அது கிளம்பாது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, பிறகுதான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் முதல் நாள் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். வண்டியின் குணம் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது வண்டி.

சூப்பர் கார்களும் அப்படித்தான் இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம். புல்லட் தப்பைக் காலில் காட்டும். இவை 200 கிலோமீட்டர் வேகத்தில் காட்டும். கோடிகளைக் கொட்டி முதல் சூப்பர் காரை வாங்குகிறவர் அதன் குணத்தைக் கற்றுக்கொள்ள என்ன பாடுபட்டார், கற்காதவர்களுக்கு என்ன ஆனது, அந்தக் கஷ்டம் எப்படிக் குறைந்தது, குறைந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இதுதான் இன்றைய விஷயம்.

கதவு மேலே திறக்கும், சக்கரம் உள்ளே மடங்கும்

சூப்பர் கார் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்தக் குணம் கொண்ட ஒரு கார் இருந்தது. 1954ல் மெர்சிடிஸ் பென்ஸ் கொண்டுவந்த 300 எஸ்.எல். பறவைச் சிறகு போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். 1957 வரை 1400 கார்கள்தான் செய்தார்கள்.

அந்தக் கதவு அழகுக்காக வந்ததில்லை. காரின் எலும்புக்கூடு மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆனது. குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக வந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. எனவே வாங்கியவர் கற்க வேண்டிய முதல் பாடம் காருக்குள் ஏறுவதே. ஸ்டீயரிங்கைக் கீழே மடக்கி, உயரமான விளிம்பைத் தாண்டி, உள்ளே வழுக்கி இறங்க வேண்டும்.

இரண்டாவது பாடம் எண்ணெய். இதன் எஞ்சினில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இயந்திர பம்ப் இருந்தது. சாவியை அணைத்த பிறகும், எஞ்சின் சுற்றி நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆகவே ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும். தெரியாதவர் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டார்.

மூன்றாவது பாடம்தான் ஆபத்தானது. பின் சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்ஸில்' என்ற அமைப்பில் தொங்கின. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் மேலெழும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயர் தரையைப் பிடிக்கும் பரப்பு சட்டென்று குறையும். கார் சுழலும். 1957ல் வந்த திறந்த மாடலில் இந்த ஆக்ஸிலின் சுழல் மையத்தைத் தாழ்த்தி ஓரளவு சரி செய்தார்கள்.

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பயந்து காலை எடுத்தால் ஆபத்து. இந்த வரலாறு முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

மியூரா: பெட்ரோல் குறையக் குறைய

1966 மார்ச். ஜெனீவா கார் கண்காட்சி. லம்போர்கினி மியூரா அறிமுகம். பெரும்பாலானவர்கள் முதல் சூப்பர் கார் என்று சொல்வது இதைத்தான். ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி என்ற இரண்டு இளம் பொறியாளர்களும், சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் சேர்ந்து உருவாக்கியது. உடல் வடிவம் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. எல்லாரும் அப்போது இருபதுகளில் இருந்தவர்கள்.

இதன் புதுமை, 12 சிலிண்டர் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைத்தது. இடம் போதாததால் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே வார்ப்பில். இரண்டுக்கும் ஒரே ஆயில். எஞ்சினுக்கு வேண்டிய ஆயில் வேறு, கியருக்கு வேண்டியது வேறு. கியரில் தேயும் உலோகத் துகள் எஞ்சினுக்குள் போகும் பயமும் உண்டு. கடைசி மாடலான எஸ்.வி.யில், அதிலும் பிந்தைய கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள்.

பெட்ரோல் டேங்க் காரின் முன்பக்கத்தில். இதிலிருந்து வந்த குணம் விசித்திரமானது. வேகத்தில் காற்று காரின் மூக்கை மேலே தூக்கும். டேங்க் நிறைய இருந்தால் எடை மூக்கை அழுத்திப் பிடிக்கும். பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகும், ஸ்டீயரிங் 'காற்றில்' இருப்பது போலாகும். காலையில் ஓட்டிய கார் வேறு, மாலையில் ஓட்டிய கார் வேறு. பெட்ரோல் முள்ளைப் பார்த்து எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடுவோம். மியூராக்காரர் எவ்வளவு வேகம் போகலாம் என்றும் கணக்குப் போட வேண்டியிருந்தது!

விதவையாக்கி

இந்தக் கட்டுரையின் மையம் இந்தக் கார்தான். 1974 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி 1975ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ. நிறுவனத்துக்குள் இதன் எண் 930. ஆங்கிலத்தில் இதற்குக் கிடைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'விதவையாக்கி'. பெயரே போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எண்களைப் பாருங்கள். 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன், எடை சுமார் 1140 கிலோ. இன்று சாதாரண செடான்களிலேயே இதைவிட அதிகச் சக்தி உண்டு. பிறகு ஏன் அந்தப் பெயர்? இரண்டு குணங்கள் ஒன்றோடொன்று மோதியதால்.

முதல் குணம், எஞ்சின் இருக்கும் இடம். 911ல் எஞ்சின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருக்கிறது. ஒரு குச்சியின் நுனியில் செம்பு நிறைய தண்ணீரைக் கட்டிச் சுழற்றினால் என்ன ஆகும்? குச்சியைத் திருப்புவது ஆரம்பத்தில் சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். 911ன் வாலும் அப்படி. வளைவில் காலை எடுத்தால் காரின் எடை முன்பக்கம் சாயும், பின் டயர்கள் பிடிமானத்தை இழக்கும், கனமான வால் வெளியே வீசும்.

இரண்டாவது குணம், டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு காற்றாடி சுழன்று, அதிகக் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. அன்றைய டர்போ பெரியது, சுழன்று வேகமெடுக்க நேரம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. மிதித்தவர் "என்னடா இது?" என்று இன்னும் அழுத்துவார். சுமார் 3500 சுற்றைத் தாண்டியதும் மொத்தச் சக்தியும் ஒரே மூச்சில் வரும். கியர்களோ நான்கே நான்கு. ஒவ்வொரு கியரும் நீளம் என்பதால் அந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது இரண்டையும் சேருங்கள். புதிதாக வாங்கியவர் வளைவுக்குள் நுழைகிறார். மிதிக்கிறார், ஒன்றுமில்லை. இன்னும் மிதிக்கிறார். வளைவின் நடுவில் டர்போ விழித்துக்கொள்கிறது. பயந்து சட்டென்று காலை எடுக்கிறார். வால் வெளியே வருகிறது. நம் உடம்பு இயல்பாகச் செய்யும் காரியம், அதாவது பயந்தால் நிறுத்து என்பது, இங்கே தவறான காரியம்.

சரியான முறை என்ன? வளைவுக்கு முன்பே, நேர் சாலையிலேயே பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும். மெதுவாக உள்ளே நுழைய வேண்டும். டர்போ விழிக்க எடுக்கும் நேரத்தை மனதில் கணக்கிட்டு, முன்கூட்டியே மெல்ல மிதிக்கத் தொடங்க வேண்டும். கார் நேராகும் நொடியில் சக்தி வந்து சேர வேண்டும். நடுவில் எக்காரணம் கொண்டும் காலைப் பறித்து எடுக்கக் கூடாது. அதாவது ஓட்டுநர் தன் காரைவிட ஒரு நொடி முன்னால் வாழ வேண்டும்.

இதில் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: போர்ஷே வாடிக்கையாளர்களுக்கான ஓட்டுநர் பயிற்சியைத் தொடங்கியதும் 1974ல்தான். காரை விற்பதோடு கற்றுத்தரவும் வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் பயிற்சி விருப்பப் பாடம், கட்டாயப் பாடம் கிடையாது.

பிறகு 3.3 லிட்டர் எஞ்சின், 300 குதிரைத்திறன், பந்தயக் காரான 917ன் வழியில் வந்த பெரிய பிரேக்குகள் எல்லாம் சேர்ந்தன. ஐந்தாவது கியர் வந்ததோ 1989ல், அதாவது 930ன் கடைசி வருடத்தில்!

குளிர்ந்த கியரும் கயிற்றுக் கதவும்

எல்லாக் குணமும் ஆபத்தானதல்ல. சில வெறும் எரிச்சல், சில கொஞ்சம் வேடிக்கை.

அந்தக் கால ஃபெராரிகள் பலவற்றில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் விழவே விழாது. ஆயில் சூடாகும்வரை ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவார்கள். தெரியாத புது முதலாளி பலத்தைக் காட்டினால் கியர் பாக்ஸ் செலவு அவர் தலையில்.

லம்போர்கினி கௌன்டாக் 1974 முதல் 1990 வரை வந்தது. பின்பக்கம் எதுவும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஓட்டுவார்கள். முதல் கியர் வழக்கமான இடத்தில் இல்லாமல் இடப்பக்கம் கீழே இருக்கும். கிளட்ச் கல் போல இருக்கும். டிராஃபிக்கில் மாட்டினால் இடது கால் அன்றைக்கு அவ்வளவுதான்.

1987ல் ஃபெராரியின் 40ஆம் ஆண்டு நிறைவுக்கு வந்த எஃப்40, உலோகத்தைக் குறைத்து எடையைக் குறைப்பதில் கஞ்சத்தனத்தின் உச்சம். உள்ளிருந்து கதவைத் திறக்க கைப்பிடி கிடையாது, ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பிரேக்குக்கு உதவி பூஸ்டர் இல்லை. 478 குதிரைத்திறன் மட்டும் இருந்தது. மிதித்த அளவுக்குத்தான் பிரேக் பிடிக்கும், அதற்கு மேல் கார் உங்களுக்காக எதுவும் செய்யாது.

ஜப்பானிலிருந்து ஒரு கேள்வி

1990ல் ஹோண்டா ஒரு கேள்வி கேட்டது: சூப்பர் கார் ஏன் இப்படிப் படுத்த வேண்டும்? பதில்தான் என்.எஸ்.எக்ஸ். உடல் முழுக்க அலுமினியம். நன்றாக வெளியே தெரியும் கண்ணாடிகள். ஏ.பி.எஸ். உண்டு. சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் கருவி உண்டு. உருவாக்கும் காலத்தில் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்து, உடல் இன்னும் உறுதியாக வேண்டும் என்று சொல்ல, ஹோண்டா பொறியாளர்கள் அதை மேலும் விறைப்பாக்கினார்கள்.

வேலைக்குப் போகும் நாளிலும் ஓட்டலாம், மார்க்கெட்டுக்கும் போகலாம். சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். கஷ்டமில்லாத சூப்பர் காரில் என்ன பெருமை என்பது அவர்கள் வாதம். ஆனால் மெக்லாரனின் கார்டன் முர்ரே இதை ஓட்டிப் பார்த்து அசந்து, தன்னுடைய அடுத்த காருக்கு இதை அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

ஒரு மில்லியன் டாலரும் இன்சூரன்ஸும்

அந்த அடுத்த கார்தான் மெக்லாரன் எஃப்1. 1992ல் அறிமுகம், 1998 வரை மொத்தம் 106 கார்கள். பி.எம்.டபிள்யூ.வின் 6.1 லிட்டர் வி12, 627 குதிரைத்திறன். ஓட்டுநர் நடுவில் உட்காருவார், இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் இரண்டு பயணிகள். ஆனால் முர்ரே ஹோண்டாவிடமிருந்து எடுத்துக்கொண்டது சொகுசையும் துல்லியத்தையும்தான். ஏ.பி.எஸ்., சக்கர வழுக்கலைத் தடுக்கும் கருவி, பவர் ஸ்டீயரிங் எதையும் அவர் வைக்கவில்லை. ஓட்டுநருக்கும் சாலைக்கும் நடுவில் யாரும் வேண்டாம் என்பது அவர் கொள்கை.

1999ல் தன் முதல் கம்பெனியை விற்ற பணத்தில் இதில் ஒன்றைச் சுமார் ஒரு மில்லியன் டாலருக்கு வாங்கினார் ஓர் இளைஞர். பெயர் எலான் மஸ்க். 2000ல், பக்கத்தில் பீட்டர் தீல் உட்கார்ந்திருக்க, கலிஃபோர்னியாவின் சாண்ட் ஹில் சாலையில் தன் காரின் வேகத்தைக் காட்ட மிதித்தார். பின் சக்கரங்கள் வழுக்கின. கார் ஓரத்து மேட்டில் மோதிக் காற்றில் பறந்து சுழன்று விழுந்தது. இருவருக்கும் அடியில்லை. காருக்கு இன்சூரன்ஸும் இல்லை. இதைப் பின்னாளில் பேட்டியில் சொன்னது மஸ்க்கேதான்.

நம் 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சனும் ஒரு எஃப்1 வைத்திருந்தார். 2011ல் இங்கிலாந்தில் அவருடைய கார் சாலையை விட்டு விலகி மோதியது. பழுது பார்க்க ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. அவர் கார்ப் பிரியர், பல வருடம் அதை ஓட்டியவர். ஆக, பழகியவருக்கும் விதிவிலக்கு இல்லை.

டயரின் வயது

போர்ஷே கரேரா ஜிடி 2003 முதல் 2006 வரை வந்தது. 1270 கார்கள், 5.7 லிட்டர் வி10, 612 குதிரைத்திறன். இதன் செராமிக் கிளட்ச் மிகச் சிறியது, மிக லேசானது. சாதாரணக் காரில் போல ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட வேண்டும். விலையுயர்ந்த ஹோட்டல் வாசலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வண்டி அணைந்து நிற்கும் அனுபவம் பல புது முதலாளிகளுக்கு முதல் வாரப் பரிசு :-)

அது சிரிக்கக்கூடிய பாடம். இன்னொன்று அப்படியில்லை. காரை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இதில் கிடையாது. 2013 நவம்பர் 30 அன்று 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படங்களின் நாயகன் பால் வாக்கர், நண்பர் ஓட்டிய கரேரா ஜிடியில் பயணம் செய்தபோது விபத்தில் இறந்தார். நண்பரும் இறந்தார். விசாரணையில் தெரிந்தவை: மணிக்கு 72 கிலோமீட்டர் என்று எல்லை வகுத்த சாலையில் கார் 130 முதல் 150 வரை போயிருந்தது. டயர்கள் ஒன்பது வருடம் பழையவை. ஓட்டியவர் பந்தய அனுபவம் உள்ளவர்.

பட்டன் நன்றாக இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்று நாம் நினைப்போம். சூப்பர் கார்கள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேய்வதில்லை. ஆனால் ரப்பர் வருடக்கணக்கில் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. 2024ல் இதே காருக்கு மிஷ்லின் புதிய டயர்களைக் கொண்டுவந்தபோது, 20 வருடப் பழைய மாடல் நர்பர்க்ரிங் தடத்தில் தன் பழைய நேரத்தைவிட 15 வினாடிக்கும் மேல் குறைத்தது. எஞ்சின் அதே எஞ்சின். டயர் மட்டும் வேறு. காரின் குணம் என்று சொன்னதில் பாதி டயரின் குணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கார் கற்றுக்கொண்டது, நாம்?

1995ல் மெர்சிடிஸும் பாஷும் கார் சறுக்குவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்கும் ஈ.எஸ்.பி. கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் 2014க்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது. 2005ல் வந்த புகாட்டி வெய்ரோனுக்கு 1001 குதிரைத்திறன் இருந்தும், நான்கு சக்கர இயக்கமும் தானியங்கிக் கியரும் சேர்ந்து அதை யாரும் ஓட்டலாம் என்றாக்கின. 407 கிலோமீட்டர் உச்ச வேகத்துக்கு மட்டும் தனிச் சாவி. பழைய கார்களில் அந்தச் சாவி ஓட்டுநரின் தலைக்குள் இருந்தது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2019ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு லம்போர்கினி கட்டுப்பாட்டை இழந்து நடைபாதையில் ஏறியதில் 15 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அவர் எந்தக் காரையும் வாங்கவில்லை, எந்தக் குணத்தையும் கற்க வேண்டிய பொறுப்பும் அவருக்கு இல்லை. அவருடைய குடும்பம் விடாமல் போராடியது. தெற்கு ஆஸ்திரேலியா சட்டத்தை மாற்றியது. 2024 டிசம்பர் முதல், ஒரு டன் எடைக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தியுள்ள கார்களை ஓட்ட அங்கே தனி உரிமம் வேண்டும். அதற்கு ஆன்லைனில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும். அந்தக் கார்களில் வழுக்கலைத் தடுக்கும் கருவிகளைத் தேவையின்றி அணைப்பதும் குற்றம்.

நல்ல சட்டம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 260 குதிரைத்திறன், 1140 கிலோ உள்ள நம் 'விதவையாக்கி' அந்தச் சட்டத்தில் வருமா? ஒரு டன்னுக்கு 170 கிலோவாட்கூடத் தேறாது. வரவே வராது! சக்தியை எண்ணால் அளக்கலாம், குணத்தை அளக்க முடியாது. பயந்து காலை எடுக்கக் கூடாது என்பதை ஆன்லைன் பாடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கால் அதைக் கற்க பயிற்சித் தடமும் பல மாதமும் வேண்டும்.

என் கருத்து இதுதான். பழைய சூப்பர் கார்கள் மோசமான ஆசிரியர்கள். முதல் தவறுக்கே ஃபெயில் போட்டார்கள். ஆனால் தாங்கள் ஆபத்தானவர்கள் என்பதை மறைக்கவில்லை. கல் கிளட்ச்சும், விழாத கியரும், சூடும் சத்தமும் "இன்னும் நீ தயாராகவில்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தன. புதிய கார்கள் நல்ல ஆசிரியர்கள்தான். ஆனால் விடைத்தாளையும் அவர்களே எழுதித் தருகிறார்கள். அந்த உதவியை ஒரு பட்டனில் அணைத்துவிடும் நாளில்தான், தான் எதுவும் படிக்கவில்லை என்பது மாணவருக்குத் தெரிகிறது. அப்போது நடைபாதையில் யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.

அதனால் சூப்பர் காருக்குத் தனி உரிமம் வேண்டுமா என்று கேட்டால் என் பதில் ஆமாம். அதுவும் செய்முறைத் தேர்வோடு. கெமிஸ்ட்ரிக்கே பிராக்டிகல் வைக்கிறார்கள், 1001 குதிரைக்கு வைக்கக் கூடாதா?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். அடுத்த கட்டுரை கலங்கரை விளக்கங்களைப் பற்றி. அதுவரை ஹெல்மெட் போட்டு சைக்கிளாவது ஓட்டுங்கள்.